வெயிலில் வைத்த பேட்டரிகள்

போன மாதம் புக்கிட் ரோத்தான் மண்டபத்தில் நம் ரப்பர் தோட்டத்துப் பழைய ஆட்கள் கூடினோம். சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் வழக்கம்போல யாரோ அந்தக் கதையை ஆரம்பித்தார்கள். காலையிலேயே கள்ளைக் குடித்துவிட்டு, பெரிய துரையிடம் இங்கிலீஷ் பேசப் போன மண்டோர் கதை. ஒருவர் எழுந்து நின்று, தள்ளாடி, நாக்குக் குழற நடித்தும் காட்டினார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் தட்டில் இருந்த கேசரியைப் பார்த்தபடி சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பால்வெட்டு ஆட்களை மேற்பார்த்த அந்த மண்டோர் என் அப்பா என்பது உங்களில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். மீதிப் பேர், இவ்வளவு வருஷம் கழித்து இன்னுமா இவள் இதற்கு வருத்தப்படப் போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள்.

நான் வருத்தப்படுகிற ஆள்தான். அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பியவள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு நடந்தது முழுதாக எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த இன்னொருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது இதை எழுத வைத்தது என் கைப்பேசி. என் மகள் ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். மருமகனுடைய அம்மா, அதாவது என் சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை தோறும் திரையில் வந்து கையசைப்பார். நானும் கையசைப்பேன். எத்தனை நாளைக்குத்தான் இரண்டு கிழவிகள் கையை ஆட்டிக்கொண்டிருப்பது? மகள் ஒரு பாடத்தைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தாள். முழுக்கக் காதால் கேட்டுப் படிக்கிற பாடம்.

"புஸ்தகம் வேணாம்மா. காதுல மாட்டிக்கிட்டு மீன் கழுவுங்க, துணி மடிங்க. அது சொல்லும், நீங்க திருப்பிச் சொல்லணும். அவ்ளோதான் லா."

அவ்வளவுதானாம். நாற்பது பாடம் முடித்துவிட்டேன். ரயில் நிலையம் எங்கே என்று கேட்கத் தெரியும். குளியலறை உள்ள ஓர் அறை வேண்டும் என்று சொல்லத் தெரியும். என் மகள் மனசில் இருப்பதைச் சொல்லமாட்டாள், நீங்களாகக் கேளுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லத் தெரியவில்லை. அது எந்தப் பாடத்திலும் வரவில்லை. காதுக்குள் ஒரு குரல் "மிக நன்று" என்று என்னைப் பாராட்டுகிறது. நான் வாயையே திறக்காமல் இருந்தாலும் "மிக நன்று" என்கிறது. எரிச்சலாக இருக்காதா?

அந்த எரிச்சலோடுதான் ஒருநாள் அப்பாவின் கேசட்டை நினைத்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயசு. ஆறாம் வகுப்பு. நம் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதற்கு மேல் கிடையாது. மேலே படிக்க வேண்டுமென்றால் கோலசிலாங்கூர் டவுனுக்குப் போக வேண்டும். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் விடிவதற்கு முன்பே ரப்பர் காட்டு வழியாக நாலு மைல் நடந்து பெரிய ரோட்டில் பஸ் பிடிக்க வேண்டும். பையன்கள் சிலர் போனார்கள். பொட்டப் பிள்ளையை அந்த இருட்டில் அனுப்ப அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் மேட்டு வீடுகளில் இருந்த ஆபிஸ் ஸ்டாப் பிள்ளைகளுக்குத் தோட்டத்து வேன் இருந்தது. வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போகும்.

அந்த வருஷம் கண்டக்டர் வேலை காலியானது. பஸ் கண்டக்டர் இல்லை. இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மண்டோர்களுக்கு மேலே, துரைக்குக் கீழே இருப்பவர். காட்டில் நடந்ததைத் தினமும் துரையிடம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு மேட்டு வீடு உண்டு. மேட்டு வீட்டுக்கு வேன் உண்டு. பால்வெட்டு மண்டோராக இருந்த அப்பாவையும் துரை பேட்டிக்கு வரச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எல்லாமே அந்தப் பேட்டிதான். அப்பா துரையிடம் இங்கிலீஷ் பேசிவிட்டால் நான் வேனில் ஏறுவேன். இல்லாவிட்டால் மரத்தில் உறைந்து கிடக்கும் கட்டிப்பால் பொறுக்கப் போவேன்.

அப்பாவுக்கு எண்களும், மரம், பால், மழை என்று ஒற்றை ஒற்றைச் சொற்களும் தெரியும். கோத்துப் பேச வராது. ஆபிஸில் கணக்கு எழுதிய கிராணி நல்லவர். சொல்லித் தருகிறேன், சாயங்காலம் வாருங்கள் என்றார். அப்பா போகவில்லை. லயத்தில் ஒருத்தன் இங்கிலீஷ் பேசிப் பழகினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "தொர வர்றாரு, வழி விடுங்க" என்று குழாயடி வரை கேட்கும். கிராணியே சிரித்துவிடுவாரோ என்று அப்பாவுக்குப் பயம். கடைசியில் கிராணி, தன் மகனுக்காக வாங்கிய கேசட் செட்டையும் பச்சைப் பெட்டியில் இருந்த எட்டுக் கேசட்டுகளையும் தூக்கிக் கொடுத்தார்.

"இது சிரிக்காது மண்டோரு. அது சொல்லும், நீங்க திருப்பிச் சொல்லுங்க. செட்டு மட்டும் பத்திரம்."

அந்தப் பச்சைப் பெட்டியைத் திறந்தால் புது செருப்பு வாசனை வரும். ஒவ்வொரு கேசட்டும் தன் பள்ளத்தில் பொருந்திப் படுத்திருக்கும். அதைத் திருப்பிப் போடுவது, நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவது, பேட்டரி பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. நாலு பெரிய பேட்டரியில்தான் அது ஓடும்.

சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு, வெள்ளைப் பனியன் போட்டு, செட்டுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்காருவார். கேசட்டில் வெள்ளைக்காரர் ஒரு வாக்கியம் சொல்வார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா ஓடும். அந்த இடைவெளிக்குள் அப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாதே. பக்கத்து வீட்டு அத்தை அந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடுவார்.

"அண்ணே, ஒங்களுக்கு முந்தி நான் சொல்லிட்டேன். கண்டக்டர் வேல எனக்குத்தான்."

"ஒனக்கே குடுக்கச் சொல்றேன். மொதல்ல சோத்த வடிம்மா, கரியுது."

அத்தைக்கு மட்டும்தான் அப்பா கோபப்படாமல் பதில் சொல்வார்.

பாடத்தில் என்ன இருந்தது என்கிறீர்கள்? ஹோட்டலில் அறை கேட்பது. குடையைத் தொலைத்தது. ரயில் நிலையம் எங்கே என்று போலீஸ்காரரைக் கேட்பது. வெட்டு மரம், மழை நாள், பால் எடை, ஒன்றும் இல்லை. அப்பா கவலைப்படவில்லை. "பேச்சு நடை வந்துருச்சின்னா வார்த்தைய நாம போட்டுக்கலாம் பாப்பா" என்பார். அந்த நடையைத்தான் பிடித்தார். வெள்ளைக்காரர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே அப்பாவும் வாங்குவார்.

பேட்டி இரண்டு தடவை தள்ளிப்போனது. துரை கோலாலம்பூர் போய்விட்டார் என்றார்கள், பிறகு காய்ச்சல் என்றார்கள். அதற்குள் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. அப்பா பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போனபோது நாலு புது பேட்டரி வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

"பழசு எறங்குனதும் இத மாத்திரு, பாப்பா."

மாற்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான்தான் மாற்றவில்லை. இப்போதே போட்டு, பேட்டி மறுபடி தள்ளிப்போய், அதுவும் தீர்ந்துபோனால்? கடைசி நாளில் செட்டு ஓடாமல் போனால்? நான் வேனில் ஏறாமல் போனால்? பழசுதான் இன்னும் பேசுகிறதே. புதுசை ஒரு துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பழைய நாலையும் தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன் கோழிக்கூண்டுத் தகரத்தின்மேல் வெயிலில் அடுக்கிவிட்டுப் போவேன். நீங்களும் செய்திருப்பீர்கள். சூடேறினால் இன்னும் கொஞ்சம் ஓடும்.

ஓடியது. தினமும் கொஞ்சம் மெதுவாக ஓடியது. வெள்ளைக்காரரின் குரல் நாளுக்கு நாள் கனத்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இழுத்தது. தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது தெரியாத மாதிரி, அதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் குரல் எங்களுக்குப் பிடித்தே போனது. அப்பா சொல்வார்: "பெரிய மனுஷன் பேச்சு எப்பிடி இருக்கு பாத்தியா? அவசரமே இல்ல." அவரும் அப்படியே அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசப் பழகினார். அம்மா ஒருநாள், "இவ்ளோ பெரிய செட்டு இருக்கு, ஒரு பாட்டு போட்டாத்தான் என்னங்க" என்று கேட்டார். பேட்டரி வீணாகும் என்று நான்தான் முதலில் கத்தினேன். ஒரே ஒரு தெரிந்த பாட்டைப் போட்டிருந்தால் அன்றைக்கே எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

பேட்டி நாள் காலை. பெரட்டு முடிந்ததும், ஆட்களைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தார். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுப்பதுதான். கடைசியாக ஒரு தடவை பாடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்றார். நான் காத்திருந்த நேரம் இதுதான். டின்னைத் திறந்து புது பேட்டரிகளைப் போட்டேன்.

வெள்ளைக்காரர் பறந்தார். குரல் மெலிந்து, கீச்சென்று, மூச்சுவிடாமல் ஓடியது. அப்பா திருப்பிச் சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் செட்டையே பார்த்தோம்.

"செட்டு கெட்டுப் போச்சுடி" என்றார் அம்மா.

"புது பேட்டரி பவரு கூட போல. மிசின் தாங்கல" என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை.

அப்பா பட்டென்று அணைத்தார். "இந்த நேரத்துல இதக் கேட்டா இருக்குறதும் கொழம்பிரும். எடுத்து வை." நான் செட்டைக் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன். அப்பா என் தலையில் கைவைத்து, "ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுல இருக்கு" என்றார். உண்மை எங்கள் முன்னாலேயே அரை நிமிஷம் பேசியது. அதைத்தான் கெட்டுப்போனது என்று அணைத்தோம்.

வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டை. ரப்பர் பால் கொட்டகை அமோனியா நெடியில் மண்டோர்களின் கண் எப்போதும் சிவந்துதான் இருக்கும். அன்றும் இருந்தது. வாசலில் அத்தை இரண்டு கிராம்பு கொடுத்தார், துரைமுன் வாய் நாறக்கூடாது என்று. அப்பா மென்றுகொண்டே போனார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"எப்பிடிங்க?"

"தொர சிரிச்சாரு. நான் பேசப் பேச சிரிச்சாரு. நான் அவசரப்படவே இல்ல. எல்லாத்தையும் முழுசா சொன்னேன்."

அம்மா சேமியாப் பாயாசம் வைத்தார். அத்தை வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது.

சாயங்காலம் கிராணி வந்தார். வாசலிலேயே நின்றார், உட்காரவில்லை. அப்பா பனியனோடு எழுந்து நின்றார்.

"மண்டோரு, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாளு பாத்துப் போயிருக்கக் கூடாதா?"

"என்னங்கய்யா?"

"தொர எங்கிட்ட கேட்டாரு, காலையிலேயே கள்ளு குடிச்சிட்டு வந்திருக்கானான்னு. கண்ணு செவந்திருக்கு, வாயில கிராம்பு, பேச்சு இழுக்குது. நான் என்னத்த சொல்றது?"

என் தாத்தா கள்ளால் செத்தவர். அப்பா கள்ளுக்கடை இருக்கும் பாதையிலேயே நடக்கமாட்டார், அரை மைல் சுற்றிப் போவார். இது கிராணிக்குத் தெரியும். தோட்டம் முழுக்கத் தெரியும். அப்பா பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே ரொம்ப நேரம் நின்றார். மறுநாள் பெரட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. "என்ன மண்டோரே, இன்னிக்கு இங்கிலீசு ஏறலியா?" குழாயடியில் அம்மா குடத்தைப் போட்டு உடைத்துச் சண்டை போட்டார். அத்தை கிராம்பு கொடுத்த கையை நொந்துகொண்டு அம்மா பக்கம் நின்றார். இரண்டு பெண்கள் கத்தி என்ன ஆகும்? துரை நினைத்ததுதான் நடந்தது என்று ஆகிவிட்டது.

வாரக் கடைசியில் செட்டைத் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன். புது பேட்டரி உள்ளேயே இருந்தது. கெட்டுப்போனதைச் சொல்லாமல் கொடுத்தால் பாவம் என்று, நானே சொன்னேன். கிராணி ஒரு கேசட்டைப் போட்டுக் கேட்டார்.

"நல்லாத்தானே பேசுது?"

"இல்லீங்கய்யா, ரொம்ப வேகமா ஓடுது."

"இதான்மா சரியான வேகம்."

என் பையில் பழைய பேட்டரிகள் இருந்தன. எடுத்து மாற்றிக் காட்டினேன். வெள்ளைக்காரர் பழையபடி இழுத்து, கனத்து, கஷ்டப்பட்டுப் பேசினார். கிராணி சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அன்றைக்கு ஆபிஸில் அவர் கேட்ட பேச்சு இதுதான் என்று அந்த முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"புது பேட்டரி எப்ப வாங்குனது?"

சொன்னேன். எங்கே வைத்திருந்தேன் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் செட்டின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு சொன்னார்: "வேலைய வேற ஆளுக்குக் குடுத்தாச்சும்மா. தொரகிட்ட போயி, நீங்க நெனச்சது தப்புன்னு யாரு சொல்றது? அப்பாகிட்டயும் சொல்லாத. மனசு ஒடஞ்சிரும்."

பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வயசுக்காரிக்கு அது போதுமானதாக இருந்தது. நான் பிழைத்தேன் என்றுதான் வீட்டுக்கு ஓடினேன். கிராணி நல்லவர் என்று மேலே எழுதினேன், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் எது அப்பாவின் மனசை உடைத்திருக்கும் என்று அவர் போட்ட கணக்குத் தப்பு. பேட்டரிதான் காரணம் என்று தெரிந்திருந்தால் அப்பா ஒருநாள் திட்டியிருப்பார், இரண்டாம் நாள் சிரித்திருப்பார். தெரியாததால், குறை தன் நாக்கில் என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஓர் இங்கிலீஷ் சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால்கூட என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்பார். என் மகள் வெளிநாடு கிளம்பியபோது, "அவளுக்கு நல்ல நாக்கு. நமக்குத்தான் தடிச்சது" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வருஷம் ஏன் மறைத்தாய் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். அப்பா போய்விட்டார்.

ஜனவரியில் புது வகுப்புகள் தொடங்கியதும் வேன் பிள்ளைகளோடு மேட்டிலிருந்து இறங்கியது. நான் கட்டிப்பால் வாளியோடு ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மண்டபத்தில் கூடிய பிறகு நடந்தது இது. சம்பந்தியிடம் கையசைப்பதற்குப் பதில் நான் ஜெர்மனில் பேசினேன். எப்படி இருக்கிறீர்கள், இங்கே மழை, அங்கே குளிரா. மூன்று வாரம் பழகியது. கைப்பேசியில் வேகத்தைக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. புரியவில்லையே என்று முதல் நாளே அதை அழுத்தி வைத்திருந்தேன். அப்படியே கேட்டு, அப்படியே பழகி, அப்படியே பேசினேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. பக்கத்தில் இருந்த என் மகளிடம் ஏதோ கேட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி கேக்குறாங்க?"

"ஒங்களுக்கு ஒடம்பு முடியலியாம்மா? இல்ல தூக்க மாத்திரை ஏதாச்சும் போட்டிருக்கீங்களான்னு கேக்குறாங்க. அவ்ளோ ஸ்லோவா பேசுறீங்கம்மா. ஸ்பீட நார்மல்ல வைங்க லா."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு திரையை மூடிவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். அரை நிமிஷம். விஷயம் தெளிய அவ்வளவுதான் ஆனது. ஒரு மனுஷி என் பேச்சைக் கேட்டு, ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று கேட்டார். பதில் கிடைத்தது. தீர்ந்தது. துரையும் கேட்டார், ஆனால் என் அப்பாவைக் கேட்கவில்லை.

காதால் கேட்டுப் படிக்கிற பாடம் உதவுமா என்று என் வயசுக்காரர்கள் சிலர் கேட்டீர்கள். சத்தம் காதில் ஏறும், அதில் சந்தேகமில்லை. நம் பேச்சைப் பார்த்துச் சிரிக்காது, அதுவும் நல்லதுதான். ஆனால் நாம் எப்படிப் பேசுகிறோம் என்று அதற்குத் தெரியாது. எதிரில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், சிரித்தாலும் பரவாயில்லை. அப்பா அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் கேசட்டிடம் போனார்.

அடுத்த கூட்டத்தில் யாரும் எழுந்து நடிக்க வேண்டாம். அந்தக் கதையை நானே சொல்கிறேன். அப்பா பேசின மாதிரியே, அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசிக் காட்டுகிறேன். எனக்கு அது அப்படியே வரும். அவர் குடிக்கவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்த குரல் அப்படித்தான் பேசியது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் பிஸ்கட் டின்னை ஒளித்து வைத்தவளைப் பார்த்துச் சிரியுங்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.